செங்கோணம் எங்கே இருக்கிறது? மெஷின் ஷாப்பில் முக்கோணக் கணக்கு

லேத்தில் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷினில்) நின்ற முதல் வருடத்திலேயே ஒரு டேப்பர் வேலையை, அதாவது விட்டம் சீராகக் குறைந்துகொண்டே போகும் ஒரு துண்டைப் பாழாக்கினேன். டிராயிங்கில் பெரிய விட்டம் 40 மி.மீ., சிறிய விட்டம் 30, டேப்பரின் நீளம் 80. விட்டங்களின் வித்தியாசம் 10. அதை 80-ஆல் வகுத்தேன்: 0.125. எந்தக் கோணத்தின் டேன் அது என்று பார்த்தேன்: 7 டிகிரி சொச்சம். டூலைத் தாங்கி, வேண்டிய கோணத்துக்குத் திரும்பும் காம்பவுண்ட் ஸ்லைடை அந்த அளவுக்குத் திருப்பி இறுக்கினேன். 80-இல் கீறியிருந்த கோட்டை டேப்பர் தொடும்வரை ஆழம் கொடுத்துக்கொண்டே போனேன். தொட்டது. முன்முனையில் வெர்னியரை வைத்துப் பார்த்தால், 30 இருக்கவேண்டிய இடத்தில் 20.

பக்கத்து லேத்தில் இருந்த மூத்த டர்னர் வந்து பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்து, “தம்பி, நீ கணக்குப் போட்ட முக்கோணத்தை வரைந்து காட்டு” என்றார். 80-க்கு ஒரு படுக்கைக் கோடு, 10-க்கு ஒரு நிற்கும் கோடு, இரண்டையும் சேர்த்து ஒரு சாய்கோடு வரைந்தேன். “சரி, இந்தச் செங்கோணம் இருக்கும் மூலை ஜாப்பில் எந்த இடம்? விரல் வைத்துக் காட்டு.” காட்ட முடியவில்லை. அப்படி ஒரு இடம் அந்த ஜாப்பில், அதாவது நான் கடைந்துகொண்டிருந்த துண்டில், இல்லை.

அவர் நடுவில் ஒரு அச்சுக்கோடு போட்டார். சிறிய முனையின் விளிம்பிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கோடு. பெரிய முனையில் அந்தக் கோட்டுக்கு மேலே மிஞ்சுவது 5 மட்டும். மற்ற 5 அச்சுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆக முக்கோணத்தின் ஒரு பக்கம் 80, இன்னொரு பக்கம் 5. வகுத்தால் 0.0625, கோணம் 3.576 டிகிரி. நான் வைத்த 7 டிகிரி இரண்டு பக்கச் சாய்வையும் ஒரே பக்கத்தில் ஏற்றிவைத்த கோணம்.

அதற்குப் பிறகு எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் முதலில் மூன்று மூலைகளையும் ஜாப்பில் விரல் வைத்துக் காட்டிவிடுகிறேன். காட்ட முடியாத மூலை இருந்தால் கால்குலேட்டரைத் தொடுவதில்லை.

எந்தப் பொத்தானை அழுத்துவது

பள்ளியில் படித்ததுதான். செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் நீளமான பக்கம் கர்ணம். நமக்கு வேண்டிய கோணத்துக்கு எதிரே இருப்பது எதிர்ப்பக்கம். ஒட்டியிருப்பது அடுத்துள்ள பக்கம். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் காஸ், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன்.

இதை மனப்பாடம் செய்தவர்கள்கூட மெஷின் முன்னால் வந்ததும் எதை எடுப்பது என்று திகைத்து நிற்பார்கள். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: சாய்வு நெடுக ஓடும் நீளம் இந்தக் கணக்கில் வருகிறதா? வந்தால் சைன் அல்லது காஸ். நேராகவும் குறுக்காகவும் அளந்த அளவுகள் மட்டும் இருந்தால் டேன். மேலே சொன்ன டேப்பரில் 80-உம் அச்சு நெடுக அளந்தது, 5-உம் அச்சுக்குக் குறுக்கே அளந்தது. அதனால் டேன். அதே டேப்பரில் காம்பவுண்ட் ஸ்லைடு எவ்வளவு தூரம் ஓடவேண்டும் என்று கேட்டால், அது சாய்வு நெடுக ஓடும் தூரம். அங்கே காஸ் வந்துவிடும்.

கால்குலேட்டரை நம்புவதற்கு முன் சைன் 30 அடித்துப் பாருங்கள். 0.5 வரவேண்டும். மைனஸ் 0.988 என்று வந்தால் அது ரேடியனில் நிற்கிறது. டிகிரிக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடருங்கள். அடுத்துச் சறுக்கும் இடம் நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 3.576 டிகிரி என்பது 3 டிகிரி 57 நிமிடம் அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 0.576 பெருக்கல் 60, ஏறக்குறைய 34.6. ஆகவே 3 டிகிரி 34.6 நிமிடம். அதை 57 என்று எடுத்துக்கொண்டால், இந்த 80 மி.மீ. நீளத்தில் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தவறிப்போகும். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு இந்த இடத்தில் சறுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காம்பவுண்ட் ஸ்லைடை உண்மையாகவே அந்தக் கோணத்தில் வைப்பது

3 டிகிரி 34.6 நிமிடம் என்று தாளில் எழுதிவிடலாம். காம்பவுண்ட் ஸ்லைடின் அடியில் இருக்கும் டிகிரிக் கோடுகளை வைத்து அதைப் பிடிக்க முடியாது. கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கால் டிகிரிக்குக் கீழே போனால் ஊகம்தான். சாதாரண சரிவுக்கு அது போதும். இன்னொரு ஜாப்பில் போய் உட்காரவேண்டிய டேப்பருக்குப் போதாது.

டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. லேத்தின் இரு முனைகளிலும் ஜாப்பைத் தாங்கும் கூர்முனைகளான சென்டர்களுக்கு நடுவே, துல்லியமான உருளைக் கம்பியான டெஸ்ட் பார் ஒன்றை மாட்டுங்கள். டூல் போஸ்ட்டில் டயல் கேஜைப் பிடித்து, அதன் முனை பாரைச் சென்டர் உயரத்தில், அச்சுக்குச் செங்குத்தாகத் தொடும்படி வையுங்கள். முதலில் கேரேஜை (டூலைச் சுமந்து லேத் நெடுக ஓடும் பகுதியை) ஓட்டிப் பாருங்கள்: முள் அசையக்கூடாது. அசைந்தால் டெயில் ஸ்டாக் (பின்முனைச் சென்டரைத் தாங்கும் பகுதி) விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

இப்போது கேரேஜைப் பூட்டிவிட்டு, காம்பவுண்ட் ஸ்லைடை மட்டும் அதன் கைப்பிடியால் 50 மி.மீ. ஓட்டுங்கள். இந்த 50 சாய்வு நெடுக ஓடியது, அதாவது கர்ணம். டயல் காட்டுவது எதிர்ப்பக்கம். ஆகவே சைன்: 50 பெருக்கல் 0.06238, அதாவது 3.119 மி.மீ. முள் அவ்வளவு நகரும்வரை காம்பவுண்ட் ஸ்லைடைத் தட்டித் தட்டித் திருத்துங்கள். 50 மி.மீ. ஓட்டத்தில் ஒரு நிமிடக் கோணம் என்பது 0.0145 மி.மீ.; நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் சாதாரண டயல் கேஜே ஒரு நிமிடத்தைப் பிடித்துவிடும்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கைப்பிடியை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். தாண்டிப் போய்விட்டுப் பின்னால் வந்தால் திருகின் தளர்வும் கணக்கில் சேர்ந்துவிடும். நட்டை இறுக்கிய பிறகு ஒருமுறை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். இறுக்கும்போது நகராத காம்பவுண்ட் ஸ்லைடை நான் இன்னும் பார்க்கவில்லை.

முடிவில் ப்ளூ என்ற நீல மையைப் பூசிச் சோதிப்பது வழக்கம். டேப்பரை அதற்குரிய துளைக்குள் செருகி லேசாகத் திருப்பி எடுத்தால், பெரிய முனையில் மட்டும் உரசியிருக்கிறதா? உங்கள் கோணம் கூடிவிட்டது. சிறிய முனையில் மட்டும் என்றால் குறைந்திருக்கிறது. ஏன் என்று சாக்பீஸால் வரைந்து பாருங்கள், உடனே தெரியும்.

இன்னொன்று. எல்லா லேத்திலும் சுழியம் ஒரே இடத்தில் இருக்காது. சிலவற்றில் காம்பவுண்ட் ஸ்லைடு அச்சுக்கு இணையாக நிற்கும்போது 0. வேறு சிலவற்றில் குறுக்காக நிற்கும்போது 0. 3.5 டிகிரி வேலையில் இது குழப்பாது, தவறாக வைத்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். 30 டிகிரிச் சரிவில்தான் ஆபத்து. 30-க்குப் பதில் 60 வைத்தாலும் கண்ணுக்கு ஏதோ சரியாக இருப்பதுபோலத் தோன்றும். 45-ஐ இரண்டில் எந்தக் கோட்டிலிருந்து அளந்தாலும் ஒன்றுதான் என்பதால், 45 டிகிரி ஜாப்புகளை மட்டுமே செய்து பழகியவர் இந்தப் பள்ளம் இருப்பதையே அறியாமல் இருப்பார்.

காம்பவுண்ட் ஸ்லைடைப் பற்றி ஒரு சின்னக் கைவேலையும் சொல்லிவிடுகிறேன். அதை அச்சிலிருந்து 5 டிகிரி 44 நிமிடத்தில் வைத்தால், சைன் 0.1. கைப்பிடியில் 0.1 மி.மீ. திருப்பினால் டூல் குறுக்கே 0.01 மட்டும் போகும், விட்டத்தில் 0.02 குறையும். கடைசிச் சீவலுக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு இல்லை.

சைன் பார்

பெயரிலேயே கணக்கு இருக்கிறது. இரண்டு உருளைகளின் மையங்களுக்கு இடையே துல்லியமாக 100 அல்லது 200 மி.மீ. இருக்கும் ஒரு பார். ஒரு உருளை சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகையில்), மற்றது ஸ்லிப் கேஜ் (தடிமன் துல்லியமாகத் தெரிந்த துண்டுகள்) அடுக்கின் மேல். பார் கர்ணம், அடுக்கின் உயரம் எதிர்ப்பக்கம்.

200 மி.மீ. பாரில் 25 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சைன் 25 என்பது 0.42262, உயரம் 84.524 மி.மீ. அடுக்கைக் கடைசி இலக்கத்திலிருந்து கட்ட வேண்டும். கடைசி 4-ஐத் தீர்க்க 1.004. மீதி 83.520. அடுத்து 1.02, மீதி 82.5. பிறகு 7.5, அப்புறம் 75. நான்கு துண்டுகளில் முடிந்துவிட்டது. துண்டுகள் குறையக் குறைய இடுக்குகளும் குறையும், தூசி புகும் வாய்ப்பும் குறையும். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தித் திருகி ஒட்டவைக்க வேண்டும். சும்மா தூக்கி அடுக்குவது அடுக்கு ஆகாது.

ஜாப்பைப் பாரின் மேல் வைத்து, அதன் மேல்முகத்தில் டயல் கேஜை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டுங்கள். 100 மி.மீ. தூரத்தில் 0.03 வித்தியாசம் காட்டினால் கோணம் ஏறக்குறைய ஒரு நிமிடம் தவறு. இந்த ஒரு எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 100-க்கு 0.029, ஒரு நிமிடம். அதை 60-ஆல் பெருக்கினால் 100-க்கு 1.745, ஒரு டிகிரி. வைஸில் பிடித்த ஜாப் சாய்ந்திருந்தாலும், மில்லிங் ஹெட் விலகியிருந்தாலும் இதை வைத்து அங்கேயே நின்று கோணத்தைச் சொல்லிவிடலாம்.

45 டிகிரிக்கு மேல் சைன் பாரை வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று பலர் சொல்வதில்லை. அடுக்கின் உயரத்தில் 0.01 மி.மீ. பிழை இருந்தால், 200 மி.மீ. பாரில் 10 டிகிரிக் கோணம் சுமார் 10 விநாடி (ஒரு விநாடி என்பது நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) தவறும். 45-இல் அதே பிழை 15 விநாடி ஆகிறது. 75 டிகிரிக்குப் போனால் 40 விநாடி. பார் நிமிர நிமிர, உயரம் கொஞ்சமாக ஏறும்போதே கோணம் நிறைய மாறிவிடுகிறது. 75 வேண்டுமென்றால் பாரை 15-இல் வைத்து, ஜாப்பை ஆங்கிள் பிளேட்டில் சாய்த்துப் பிடித்து, மற்ற முகத்திலிருந்து அளப்பேன்.

கண்ணுக்குத் தெரியாத மூலையை அளப்பது

டவ்டெயில் (புறா வால்போல ஒரு பக்கம் விரிந்த சறுக்குப் பொருத்து) வேலை வந்தால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த முக்கோணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆண் டவ்டெயிலின் அடியில், குறுகிய இடத்தின் அகலம் 60 மி.மீ. என்று டிராயிங் சொல்லும். அந்த மூலையில் வெர்னியரின் தாடை உட்காராது. பெரும்பாலும் மூலையே இருக்காது. கட்டர் போய்வர ஒரு சின்னக் காடி வெட்டியிருப்பார்கள். இல்லாத மூலையை எப்படி அளப்பது?

இரண்டு பக்கமும் 10 மி.மீ. உருளை ஒன்றை மூலையில் அணைத்துவைத்து, வெளிப்பக்கமாக மைக்ரோமீட்டரில் அளக்கிறோம். இனி வரையுங்கள். உருளையின் மையத்திலிருந்து தரைக்கு ஒரு செங்குத்துக் கோடு: நீளம் 5, செங்கோணம் தரையில். மையத்திலிருந்து மூலைக்கு ஒரு கோடு. உருளை இரண்டு முகங்களையும் ஒரே மாதிரித் தொடுவதால் அந்தக் கோடு இந்த டவ்டெயிலின் 60 டிகிரி மூலைக்கோணத்தைச் சரிபாதியாக வெட்டும். ஆக மூலையில் 30 டிகிரி, எதிர்ப்பக்கம் 5, வேண்டியது அடுத்துள்ள பக்கம். 5-ஐ டேன் 30-ஆல், அதாவது 0.57735-ஆல் வகுத்தால் 8.660. மையத்திலிருந்து உருளையின் வெளி விளிம்புக்கு இன்னும் 5. ஒரு பக்கத்துக்கு 13.660, இரண்டு பக்கத்துக்கும் 27.32. மைக்ரோமீட்டர் 87.32 காட்டினால் அடி அகலம் சரியாக 60.

87.50 காட்டினால்? 0.18 கூடுதலாக இருக்கிறது, பக்கத்துக்கு 0.09 எடுங்கள். பெண் டவ்டெயிலில் உருளைகள் உள்ளே உட்காரும், அதனால் கூட்டுவதற்குப் பதில் அடியின் அகலத்திலிருந்து கழிக்க வேண்டும்.

இதைச் சுருக்கி “உருளை விட்டம் பெருக்கல் 2.732” என்று சுவரில் எழுதிவைத்திருந்த ஒரு இடத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள் 55 டிகிரி டவ்டெயில் ஒன்று வந்தது. அதற்குச் சேர்க்கவேண்டியது 29.21. சுவரைப் பார்த்து 27.32 சேர்த்தவர் 1.89 மி.மீ. அதிகமாக வெட்டிவிட்டார். அந்த 2.732-க்குள் 30 டிகிரி ஒளிந்திருக்கிறது என்று சுவர் சொல்லவில்லை.

வட்டத்தில் துளைகள்

பி.சி.டி. (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 80, துளைகள் ஐந்து. டி.ஆர்.ஓ. (மேசையின் நகர்வை எண்ணாகக் காட்டும் திரை) இருக்கும் மில்லிங் மெஷினில் மையத்தைச் சுழியமாக வைத்து ஒவ்வொரு துளைக்கும் குறுக்களவையும் நெட்டளவையும் கண்டுபிடிப்பதுதான் வழி. ஆரம் 40 எல்லா முக்கோணத்துக்கும் கர்ணம். முதல் துளையை நேர் மேலே வைத்தால் 0, 40. அடுத்தது 72 டிகிரி தள்ளி, அதாவது படுக்கைக் கோட்டிலிருந்து 18 டிகிரியில்: 38.042, 12.361. அதற்கடுத்தது படுக்கைக் கோட்டுக்குக் கீழே 54 டிகிரியில்: 23.511, மைனஸ் 32.361. மற்ற இரண்டும் இவற்றின் கண்ணாடிப் பிம்பம்.

டிரில்லை இறக்குவதற்கு முன் நெட்டளவுகளைக் கூட்டிப் பாருங்கள். 40, இரண்டு 12.361, கழித்தல் இரண்டு 32.361: சுழியம். சம இடைவெளித் துளைகள் எத்தனை இருந்தாலும் கூட்டல் சுழியமாகத்தான் வரும். மைனஸ் குறி ஒன்று விட்டுப்போயிருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும்.

துளை போட்ட பிறகு அடுத்தடுத்த இரண்டு துளைகளில் பின் செருகி வெளியளவு எடுத்து, ஒரு பின்னின் விட்டத்தைக் கழியுங்கள். பி.சி.டி. பெருக்கல் சைன் 36: 47.02 வரவேண்டும். 36 எங்கிருந்து வந்தது? இரண்டு துளைகளும் மையமும் சேர்ந்த முக்கோணத்தில் செங்கோணமே இல்லை. நடுவில் வெட்டினால் 72 பாதியாகி 36-உம், ஒரு செங்கோணமும் கிடைக்கின்றன.

அந்த 47.02-க்குக் கணிதத்தில் நாண் என்று பெயர். வில்லின் நாண்தான். வட்டத்தின் ஒரு துண்டை வில்லாகவும், அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டை நாணாகவும் பார்த்திருக்கிறார்கள். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் அரைநாண்களுக்கு 3 பாகை 45 கலை (3 டிகிரி 45 நிமிடம்) இடைவெளியில் 24 படிகளாகக் கணக்குக் கொடுத்தார். நாணுக்கான வடசொல் ஜ்யா, ஜீவா. அது அரபிக்குப் போய், அங்கிருந்து லத்தீனில் சைனஸ் என்று ஆகி, சைன் என்று நம் கால்குலேட்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு பின்களுக்கு நடுவே மைக்ரோமீட்டரைப் பிடிக்கும்போதெல்லாம் நாணை இழுத்துப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றும்.

சில்லறைக் கணக்குகள்

118 டிகிரி டிரில்லின் கூர்முனை நீளம் அதன் விட்டத்தில் 0.3 பங்கு, 10 மி.மீ. டிரில்லுக்கு 3. தட்டையான ஆழம் 25 கேட்டால் முனை 28 வரை இறங்க வேண்டும். 135 டிகிரி டிரில் என்றால் 0.207 பங்கு. 90 டிகிரி கவுன்டர்சிங்க் (துளையின் வாயைச் சரிவாக விரிக்கும் கட்டர்) ஒவ்வொரு 0.1 இறங்கும்போதும் வாய் 0.2 விரியும்.

எதிர் முகங்களுக்கிடையே 24 மி.மீ. அறுகோணம் வெட்ட எந்தத் தடிமனில் ராடு வேண்டும்? 24-ஐக் காஸ் 30-ஆல் வகுங்கள்: 27.71. 28 ராடு எடுக்கலாம். 27 எடுத்தால் மூலைகள் மழுங்கும்.

50 மி.மீ. ராடில் 30 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக வெட்ட வேண்டுமா? கர்ணம் ஆரம் 25, ஒரு பக்கம் 15, மற்றது 20. 25-இல் 20 போக ஆழம் 5. இங்கே கோணமே தேவைப்படவில்லை. கர்ணம் காண ஒரு பழைய செய்யுள் விதியைப் பலரும் பெருமையாகப் பகிர்வதைப் பார்த்திருப்பீர்கள்: நீண்ட பக்கத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர். 20-க்கும் 15-க்கும் போட்டால் சரியாக 25 வரும். 100-க்கும் 100-க்கும் போட்டால் 137.5, உண்மையான நீளம் 141.42. மனக்கணக்காகப் போட அழகான விதி. நான்கு மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்க மெஷின் ஷாப்பில் மட்டும் இடமில்லை.

கடைசியாக மரை வெட்டுவது. 2 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரை இழைகளின் இடைவெளி) மெட்ரிக் வெளிமரையின் ஆழம் 1.227. காம்பவுண்ட் ஸ்லைடைக் குறுக்குக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்த்து அதன் கைப்பிடியால் ஆழம் கொடுப்பவர், 1.227 திருப்பியதும் நிறுத்திவிடுவார். நட்டு ஏறாது. அவர் திருப்பியது கர்ணம். டூல் குறுக்கே உள்ளே போனது 1.063 மட்டும். 1.227-ஐக் காஸ் 30-ஆல் வகுத்தால் 1.417. அதுவரை திருப்ப வேண்டும்.